கிரீஸ்–துருக்கி மக்கள் பரிமாற்றம்: 1923-ல் தொடங்கியது இன்னும் முடியவில்லை

துருக்கியின் மேற்குக் கரையில் அய்வாலிக் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆலிவ் எண்ணெய்க்குப் பேர்போன ஊர். அங்கே உள்ள ஒரு பள்ளிவாசலைக் கடிகாரப் பள்ளிவாசல் என்றே உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள். வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும், அது தேவாலயமாகக் கட்டப்பட்ட கட்டடம் என்று. புனித யோவான் பெயரில் கிரேக்கர்கள் எழுப்பியது. 1922 வரை அய்வாலிக்கில் வாழ்ந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே கிரேக்கக் கிறிஸ்தவர்கள்தான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர்கள் யாரும் அங்கே இல்லை. அவர்கள் விட்டுப்போன வீடுகளில் கிரீஸின் கிரீட், லெஸ்போஸ் தீவுகளிலிருந்தும் வட கிரீஸின் மாசிடோனியாவிலிருந்தும் ஏற்றிக்கொண்டு வரப்பட்ட முஸ்லிம்கள் குடியேற்றப்பட்டார்கள்.

புதிதாக வந்து அந்தப் பள்ளிவாசலில் தொழுதவர்களில் பலருக்குத் துருக்கி மொழி தெரியாது. கிரீட் முஸ்லிம்கள் வீட்டில் பேசியது கிரேக்கம். தாலாட்டுப் பாடியது கிரேக்கத்தில், சண்டை போட்டதும் கிரேக்கத்தில். அதே சமயம் துருக்கியின் நடுப்பகுதியான கப்படோசியாவிலிருந்து கிரீஸுக்கு அனுப்பப்பட்ட கிறிஸ்தவர்களில் பெரும் பங்கினர் துருக்கி மொழியைத் தவிர வேறெதுவும் அறியாதவர்கள். கரமன்லிகள் என்று அவர்களுக்குப் பெயர். வேதாகமத்தைக்கூடத் துருக்கி மொழியில், ஆனால் கிரேக்க எழுத்தில் அச்சிட்டுப் படித்தவர்கள்.

கிரேக்கம் பேசியவர்கள் துருக்கிக்கு, துருக்கி மொழி பேசியவர்கள் கிரீஸுக்கு. இரு பக்கமும் இதற்குச் சொன்ன பெயர், சொந்த இனத்தோடு சேர்த்துவைத்தல்.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1923 ஜனவரி 30 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் பிரிவு இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறது. துருக்கியில் உள்ள கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மதத்தவரும் கிரீஸில் உள்ள இஸ்லாமிய மதத்தவரும் 1923 மே 1 முதல் கட்டாயமாகப் பரிமாறிக்கொள்ளப்படுவார்கள். அனுமதி இல்லாமல் திரும்பி வந்து குடியிருக்க முடியாது. பேசும் மொழி, பிறந்த ஊர், சம்பந்தப்பட்டவரின் விருப்பம் எதுவுமே அதில் கேட்கப்படவில்லை. மதம் ஒன்றே அளவுகோல். கிரீஸின் தெசலோனிகி நகரில் டோன்மே என்றொரு சமூகம் இருந்தது, 17-ம் நூற்றாண்டில் இஸ்லாத்துக்கு மாறிய யூதர்களின் வழித்தோன்றல்கள். முஸ்லிம்கள் என்ற கணக்கில் அவர்களையும் கப்பலேற்றினார்கள். எதிர்த் திசையில் இன்னொரு விநோதம். கருங்கடலை ஒட்டிய டிராப்ஸான் மலைகளில் 'ரொமெய்க்கா' என்ற பழைய கிரேக்கக் கிளைமொழியைப் பேசிய முஸ்லிம்கள் முஸ்லிம்களாக இருந்ததாலேயே துருக்கியில் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய கிராமங்களில் அந்த மொழி இன்றும் பேசப்படுகிறது. பக்கத்து ஊர்களில் அதற்கு நெருக்கமான மொழியைப் பேசிய கிறிஸ்தவர்கள் மட்டும் போனார்கள்.

எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் ஒட்டோமான் பேரரசு தோற்றது. 1919 மே மாதம் நேச நாடுகளின் ஆதரவோடு கிரேக்கப் படை ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய இஸ்மிரில், இறங்கி உள்நாட்டுக்குள் முன்னேறியது. துருக்கித் தேசியவாதிகளின் தலைவர் முஸ்தபா கெமாலின் படை திருப்பி அடித்தது. இரண்டு படைகளும் கிராமங்களை எரித்தன, பொதுமக்களைக் கொன்றன. 1922 செப்டம்பர் 9 அன்று துருக்கிப் படை ஸ்மிர்னாவுக்குள் நுழைந்தது. 13-ம் தேதி ஊரில் தீப்பிடித்தது. துறைமுக மேடையில் லட்சக்கணக்கானோர் முன்னே கடலும் பின்னே நெருப்புமாக நின்றார்கள். லோசானில் பேச்சு தொடங்கும் முன்பே கிரேக்கர்களில் பெரும் பகுதியினர் உயிர் பிழைக்க ஓடியாகிவிட்டது. உடன்படிக்கை செய்த காரியம், ஓடியவர்கள் திரும்ப முடியாதபடி கதவைச் சாத்தியதும், ஓடாமல் மிச்சமிருந்தவர்களைக் கிளப்பியதும். 1912 அக்டோபர் 18-க்குப் பிறகு வெளியேறியிருந்தவர்களையும் அது கணக்கில் சேர்த்துக்கொண்டது.

மொத்தத்தில் சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு வந்தார்கள். 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனார்கள். அப்போது கிரீஸின் மக்கள்தொகையே சுமார் 50 லட்சம்தான். 1928 கணக்கெடுப்பில் ஐந்தில் ஒருவர் அகதி.

யோசனையை முன்வைத்தவர்களில் முக்கியமானவர் நார்வேயைச் சேர்ந்த நான்சென். சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையர், அமைதிக்கான நோபல் பரிசை 1922-ல் பெற்றவர். கிரேக்கத் தரப்பில் அந்நாட்டு அரசியல் தலைவர் வெனிசெலோஸும் துருக்கித் தரப்பில் இஸ்மெத் பாஷாவும் ஒத்துக்கொண்டார்கள். மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் நமக்குப் பழக்கமானவர்தான், வங்காளத்தை 1905-ல் இரண்டாக்கிய அதே கர்சன். இந்தத் தீர்வு முற்றிலும் கெட்டது, கொடியது, இதற்கான தண்டனையை உலகம் இன்னும் நூறு வருடத்துக்கு அனுபவிக்கும் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டுக் காரியத்தை நடத்திக் கொடுத்தார். எனக்கு இதில் ஆறாத இடம் அதுதான். இது தவறு என்று அந்த மேசையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

போரால் விரட்டப்படாமல், உடன்படிக்கையால் மட்டுமே கிளம்ப நேர்ந்தவர்களைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கப்படோசியா போர்முனைக்கு வெகுதூரம். அங்கே அக்கம்பக்கத்தாரோடு பெரிய பகை எதுவும் இல்லை. 1924-ல் உத்தரவு வந்தது, மூட்டை கட்டினார்கள். ஊர்க்கோயிலில் இருந்த புனிதர்களின் உடல் எச்சங்களையும் கூடவே எடுத்துக்கொண்டார்கள். உர்குப் ஊர்க்காரர்கள் ரஷ்யரான புனித யோவானின் உடலைக் கப்பலில் ஏற்றி, கிரீஸின் யூபியா தீவுக்குக் கொண்டுபோனார்கள். கிரேக்க மொழியில் உர்குப்புக்குப் பெயர் புரொக்கோபி. இப்போது யூபியாவில் அந்தப் புனிதர் இருக்கும் ஊருக்கும் அதே பெயர். கெல்வேரி ஊர்க்காரர்கள் கவாலாவுக்குப் பக்கத்தில் குடியேறி, ஊருக்கு நேயா கார்வாலி என்று பேர் வைத்தார்கள். 'நேயா' என்றால் புதிய. கிரீஸ் வரைபடத்தைத் திறந்தால் இந்த 'நேயா' எங்கும் கண்ணில் படும்: நேயா ஸ்மிர்னி, நேயா இயோனியா, நேயா பிலடெல்பியா. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ஊர் இருக்கிறது.

வந்து இறங்கியவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். வேலை செய்யும் வயதிலிருந்த ஆண்களைத் துருக்கிப் படை பிடித்துத் தொழிலாளர் அணிகளில் சேர்த்திருந்தது. பலர் திரும்பவே இல்லை. மக்ரோனிசோஸ் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமில் டைபஸ் காய்ச்சலில் மாண்டவர்கள் ஏராளம். ஏதென்ஸின் நாடக அரங்கு ஒன்றில், பணக்காரர்கள் உட்கார்ந்து பார்க்கும் பால்கனி 'பாக்ஸ்' ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வீடானது. வெல்வெட் இருக்கைகளுக்கு நடுவே சமையல், தொட்டில், துணிக்கொடி. கிரீட்டிலும் மாசிடோனியாவிலும் இன்னும் கிளம்பாத முஸ்லிம்களின் வீடுகளில் அறைகளைக் கையகப்படுத்தி அகதிகளைக் குடிவைத்தது அரசு. போகப்போகிறவரும் வந்துவிட்டவரும் ஒரே கூரையின் கீழ் மாதக்கணக்கில் இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே விதி என்பது அந்த அடுப்படிகளில் தெரிந்த அளவு லோசான் மண்டபத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

சொந்த நாடு இவர்களை எப்படி வரவேற்றது? கிரீஸில் 'துருக்கி வித்து' என்று திட்டினார்கள். 'தயிரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்' என்று நக்கல் செய்தார்கள், சமையலில் தயிர் அதிகம் சேர்க்கிறார்கள் என்பதால். துருக்கியில் கிரீட்டிலிருந்து வந்தவர்களுக்கு 'அரைக் காஃபிர்' என்று பட்டம். ஈஜியன் கரையில் ஒரு சொலவடை உண்டு: வயலில் மாடும் கிரீட்டுக்காரரும் சேர்ந்து புகுந்தால் மாட்டை விட்டுவிட்டுக் கிரீட்டுக்காரரை முதலில் விரட்டு, மாடாவது வயிறு நிரம்பினால் நிறுத்தும். வரப்போரக் கீரையெல்லாம் பறித்து ஆலிவ் எண்ணெயில் வதக்கிச் சாப்பிட்ட பழக்கத்துக்குக் கிடைத்த பேர் அது. இன்று அதே கீரை வகைகளைத்தான் அய்வாலிக் உணவகங்கள் பெருமையாகப் பரிமாறுகின்றன.

இந்த இடத்தில் நம் பக்கம் ஒரு நிமிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. அது பரிமாற்றம் இல்லை, ஒரு பக்கப் பங்கீடு. ஆனால் இந்தியாவைப் பார்த்தே இராதவர்களை 'தாயகம் திரும்பியோர்' என்று நம் அரசுக் கோப்புகள் எழுதின. நீலகிரியில் இறங்கியபோது ஊர் அவர்களைக் கூப்பிட்டது 'சிலோன்காரர்' என்று. அந்தச் சொல் எப்படி வலித்திருக்கும் என்று தெரிந்தவருக்கு 'துருக்கி வித்து' என்பதை விளக்க வேண்டியதில்லை.

சரி, விளைவுகளுக்கு வருவோம். பொருளாதார வரலாறு எழுதுகிறவர்கள் பலர் கிரீஸைப் பொறுத்தவரை இதை ஒரு வெற்றிக் கதையாகவே சொல்வது வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சர்வதேச சங்கத்தின் மேற்பார்வையில் 1923-ல் அகதிகள் குடியமர்வு ஆணையம் அமைந்தது. அடுத்த ஆண்டு 1 கோடி பவுண்டுக்கும் அதிகமான கடன் திரட்டப்பட்டது. மாசிடோனியாவின் சதுப்பு நிலங்கள் வயலாயின. புகையிலை விளைச்சல் பெருகியது. கம்பளம் நெய்யும் தொழில் கடல் தாண்டி வந்தது. ஸ்மிர்னா திராட்சை கிரீட்டின் தோட்டங்களில் பரவியது. ஆனால் கடனுக்கு வட்டி கடுமை. நகரத்து அகதிகள் தகரக் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் கழித்தார்கள். வெற்றி என்று எழுதும்போது அந்தப் பத்தாண்டுகளை யார் கணக்கில் வரவு வைப்பது என்று கேட்கத் தோன்றுகிறது.

துருக்கியில் நடந்தது வேறு மாதிரி. வந்தவர்கள் குறைவு, போனவர்கள் மிக அதிகம். அதுவும் வணிகர்கள், கொத்தனார்கள், பட்டு நெய்பவர்கள், கப்பல் தரகர்கள். புகையிலை விவசாயிகளை ஆலிவ் தோப்பு ஊருக்கும், மலையடிவாரத்தாரைக் கடலோரத்துக்கும் அனுப்பிய தப்புக் கணக்குகள் நிறைய. பெத்தியே ஊருக்கு அருகே கயாகோய் என்ற மலைச்சரிவைப் பார்த்தால் இது புரியும். கிரேக்கர் காலத்தில் லெவிசி என்று பெயர். நூற்றுக்கணக்கான கல்வீடுகள், ஒன்றின் வெளிச்சத்தை ஒன்று மறைக்காதபடி அடுக்கடுக்காகக் கட்டியவை. மாசிடோனியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட விவசாயிகளுக்கு அந்தப் பாறைச் சரிவு ஒத்துவரவில்லை, பெரும்பாலோர் வேறிடம் போய்விட்டார்கள். கூரை இல்லாத வீடுகள் இன்றும் அப்படியே நிற்கின்றன. ஜன்னல் இருந்த இடங்களில் அத்திமரம் முளைத்திருக்கிறது.

சொத்துக் கணக்கு தனிக் கதை. விட்டுப்போன வீடு, நிலத்துக்கு மதிப்புப் போட்டு ஈடு தருவதாக உடன்படிக்கை சொன்னது. அதற்கென்று நான்கு கிரேக்கர், நான்கு துருக்கியர், மூன்று நடுநிலையாளர் கொண்ட ஆணையம் வேலை செய்தது. ஏழு வருடம் இழுத்தது. கடைசியில் 1930 ஜூன் மாதம் அங்காராவில் இரு அரசுகளும் உன் பாக்கியும் என் பாக்கியும் நேர் என்று கோப்பை மூடிவிட்டன. ராஜதந்திரத்தில் அது பெரிய சாதனை. வெனிசெலோஸ் அங்காராவுக்கே போனார், பிறகு 1934-ல் கெமாலின் பெயரை நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைத்தார். பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த குடும்பங்களுக்கோ அன்றோடு நம்பிக்கை போயிற்று. வெனிசெலோஸுக்கே கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போட்டு வந்த அகதிக் குடியிருப்புகள் இடதுசாரிகள் பக்கம் சாயத் தொடங்கின. ஏதென்ஸின் கைசரியானி போன்ற அகதிப் பேட்டைகளுக்குச் 'சிவப்பு' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டதன் வேரில் இதுவும் இருக்கிறது.

நினைவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வாழவில்லை. கிரீஸில் அது சத்தமாக வாழ்ந்தது. கான்ஸ்டான்டினோபிளிலிருந்து, அதாவது இன்றைய இஸ்தான்புல்லிலிருந்து, வந்தவர்கள் 1924-ல் ஆரம்பித்த கால்பந்துக் கழகமான ஏ.ஈ.கே. இன்றும் இரட்டைத்தலைக் கழுகைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடுகிறது. 2022-ல் நேயா பிலடெல்பியாவில் கட்டிய புது மைதானத்துக்கு வைத்த பெயர் 'அயா சோபியா'. ஸ்மிர்னா காபிக்கடைகளின் இசை துறைமுகச் சேரிகளின் பாட்டோடு கலந்து ரெபெட்டிகோ ஆனது. 1936-க்குப் பிறகு மெட்டாக்ஸாஸ் சர்வாதிகாரம் அதில் கீழைத்தேய வாடை அடிக்கிறது என்று தணிக்கை செய்தது. 2017-ல் யுனெஸ்கோ அதையே பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1930-ல் மெல்போ மெர்லியே தொடங்கிய சின்ன ஆசியா (துருக்கியின் ஆசியப் பகுதி) ஆய்வு மையம் ஆயிரக்கணக்கான அகதிகளிடம் வாக்குமூலம் வாங்கிப் பல பத்தாயிரம் பக்கங்களில் சேர்த்து வைத்திருக்கிறது.

துருக்கியில் அமைதி. வந்தவர்களை அங்கே 'முபாதில்' என்பார்கள், பரிமாறப்பட்டவர் என்று பொருள். புதிய குடியரசுக்கு எல்லோரும் துருக்கியராக மட்டுமே தேவைப்பட்டார்கள். 1928-ல் 'குடிமகனே, துருக்கி மொழியில் பேசு' என்ற பிரசாரம் கிளம்பியபோது கிரீட் பாட்டிகள் தெருவில் வாய் திறக்கவே தயங்கினார்கள். நாட்டை உருவாக்கிய முஸ்தபா கெமால் அத்தாதுர்க்கே தெசலோனிகியில் பிறந்தவர். அவர் பிறந்த வீடு கடலுக்கு அந்தப் பக்கம் கிரேக்க மண்ணில் இருக்கிறது. இருந்தும் அந்தத் தலைமுறை பிறந்த ஊரைப் பற்றிப் பேசாமலே போய்ச் சேர்ந்தது. பேரன் பேத்திகள் சங்கம் வைத்துப் பழைய கிராமங்களைத் தேடிப் போகத் தொடங்கியது 2000-களில்தான். 1999-ல் சில வார இடைவெளியில் இஸ்மிட்டிலும் ஏதென்ஸிலும் நிலநடுக்கம் வந்து, இரு நாட்டு மீட்புக் குழுக்களும் ஒருவரை ஒருவர் தேடி ஓடியபின் எல்லையில் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்திருந்தது.

இதெல்லாம் நினைவு, பண்பாடு. உடன்படிக்கையின் ஓர் ஓரம் மட்டும் இன்றுவரை சட்டமாகவே உயிரோடு இருக்கிறது. இரண்டு கூட்டத்தாருக்கு 1923-ல் விலக்குக் கொடுத்தார்கள்: இஸ்தான்புல் கிரேக்கர்கள், கிரீஸின் மேற்குத் திரேஸ் முஸ்லிம்கள். இரு பக்கமும் ஏறத்தாழ லட்சம் பேர். துருக்கிக்குப் போன இம்ப்ரோஸ், டெனிடோஸ் தீவுக் கிரேக்கர்களுக்கும் விலக்கு. சமமாக வைத்ததே ஆபத்தாகிவிட்டது. அங்கே ஒன்று நடந்தால் இங்கே பதிலடி, இங்கே நடந்தால் அங்கே. ஊரில் இருக்கவிடப்பட்டவர்கள் இரு அரசுகளின் கையில் பணயக் கைதிகளானார்கள்.

1942-ல் துருக்கி விதித்த சொத்துவரி முஸ்லிம் அல்லாதோர் மேல் பல மடங்காக விழுந்தது. கட்ட முடியாதவர்கள் ஆஷ்காலே முகாமில் பனி அள்ளினார்கள். 1955 செப்டம்பர் 6, 7 தேதிகளில், தெசலோனிகியில் அத்தாதுர்க் பிறந்த வீட்டருகே குண்டு வெடித்த செய்தியை ஊதிப் பெருக்கி, இஸ்தான்புல்லில் கிரேக்கர் கடைகளையும் தேவாலயங்களையும் கும்பல் நொறுக்கியது. சைப்ரஸ் தீவில் கிரேக்கர்–துருக்கியர் தகராறு முற்றிய 1964-ல், இஸ்தான்புல்லில் வாழ்ந்த கிரீஸ் குடிமக்கள் 12,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். 20 கிலோ சாமான், ஏறத்தாழ 20 டாலர் பணம், அவ்வளவுதான் கொண்டுபோகலாம். துருக்கிக் குடியுரிமை இருந்த மனைவி மக்களும் கூடவே கிளம்பினார்கள். லட்சம் பேர் இருந்த சமூகம் இன்று சில ஆயிரம்.

கிரீஸின் கையும் சுத்தம் இல்லை. 1955-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தின் 19-ம் பிரிவு, கிரேக்க இனத்தவர் அல்லாதவர் திரும்பும் எண்ணமின்றி நாட்டை விட்டுப் போனால் குடியுரிமையைப் பறிக்கலாம் என்றது. எண்ணத்தை முடிவுசெய்தது அதிகாரி. 1998-ல் அதை நீக்கும்வரை சுமார் 60,000 பேர் குடியுரிமை இழந்தார்கள், பெரும்பாலோர் மேற்குத் திரேஸ் முஸ்லிம்கள். சங்கத்தின் பெயரில் 'துருக்கிய' என்ற சொல் இருக்கக் கூடாது என்று நீதிமன்றங்கள் கலைத்த வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2008-ல் கிரீஸுக்கு எதிராகத் தீர்ப்பானது.

இன்னொரு வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேற்குத் திரேஸின் கொமோட்டினி ஊரில் ஒரு முஸ்லிம், கிரேக்க நோட்டரி முன்பு உயில் எழுதி, சொத்து முழுவதையும் மனைவிக்கு வைத்துவிட்டு இறந்தார். அவருடைய சகோதரிகள் வழக்குப் போட்டார்கள். லோசான் ஒப்பந்தம் சிறுபான்மையினருக்குத் தந்த பாதுகாப்பின்படி இவர்களுக்கு ஷரியத்தான், உயில் செல்லாது என்றது கிரீஸின் உச்ச நீதிமன்றம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், 21-ம் நூற்றாண்டில், ஒரு விதவை சொத்தில் முக்கால் பங்கை இழந்தார். 1923-ல் அவருடைய தாத்தா பாட்டி எந்தக் கணக்கில் எழுதப்பட்டார்கள் என்பதே காரணம். 2018 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான் கிரீஸ் சட்டத்தை மாற்றி, ஷரியத் கட்டாயம் இல்லை, விரும்பினால் மட்டும் என்றாக்கியிருந்தது.

இந்த இரு நாட்டு எல்லைக்கு வெளியே போன விளைவுதான் ஒருவேளை மிகப் பெரியது. லோசான் ஒரு முன்னுதாரணம் ஆனது. பாலஸ்தீனத்தைப் பிரிக்கச் சொன்ன 1937 பீல் ஆணையம் கிரீஸ்–துருக்கி அனுபவத்தைச் சுட்டிக்காட்டியது. பாகிஸ்தான் கோரிக்கையை ஆராய்ந்து 1940-ல் எழுதிய நூலில் அம்பேத்கரும் இதை எடுத்துக்காட்டி, சிறுபான்மைப் பிரச்சினைக்கு மக்கள் பரிமாற்றம் ஒரு தீர்வாகும் என்று வாதிட்டார். போலந்து, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் துரத்தப்படுவதற்கு முன்பு, 1944-ல், சர்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதே உதாரணத்தைத்தான் சொன்னார். எல்லோரும் பார்த்தது வரைபடத்தை: 1923-க்குப் பிறகு கிரீஸும் துருக்கியும் முழுப் போரில் இறங்கவில்லை, ஆகவே மருந்து வேலை செய்தது. 1974-ல் சைப்ரஸில் வடக்குத் துருக்கியருக்கு, தெற்குக் கிரேக்கருக்கு என்று தீவு பிளந்து, இரண்டு லட்சம் பேரளவில் இடம் மாறியபோது, அந்த மருந்தைத் தந்த இரு நாடுகளே மறுபடி எதிரெதிரே நின்றன.

கப்படோசியக் கிரேக்க மொழி 1960-களோடு செத்துப்போனது என்றே மொழியியலாளர் நம்பியிருந்தார்கள். 2005-ல் கிரீஸின் வடக்கிலும் நடுவிலும் அதைப் பேசும் வயதானவர்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். வீட்டுக்குள் மட்டும், வெளியாள் காதில் விழாமல், எண்பது வருடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இம்ப்ரோஸ் தீவுக்கு 1970-ல் துருக்கி கெக்சேஅடா என்று பெயர் மாற்றியது. விலக்குப் பெற்ற தீவுதான், ஆனாலும் 1964-ல் கிரேக்கப் பள்ளிகள் மூடப்பட்டு, விளைநிலங்கள் எடுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். கான்ஸ்டான்டினோபிளின் இன்றைய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவர் பர்த்தலோமேயு பிறந்தது அங்கேதான். 2013 செப்டம்பரில் 49 வருடம் கழித்து ஒரு கிரேக்க ஆரம்பப் பள்ளி அங்கே மறுபடி திறந்தது, விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு. அதற்குப் பிறகு மேல்வகுப்புகள் வந்தன. பிள்ளைகளைச் சேர்க்கவென்றே ஏதென்ஸிலிருந்து சில குடும்பங்கள் தாத்தா வீட்டின் கூரையைச் சரிசெய்து குடிவந்திருக்கின்றன.